பங்கு பிரித்த படகு

நிலத்தைப் பிரிப்பார்கள், வீட்டைப் பிரிப்பார்கள், கரண்டியைக்கூட எண்ணிப் பிரிப்பார்கள். பதினாலு அடிப் பாய்மரப் படகை உடம்பு ஒருவருக்கு, பாய்மரம் இன்னொருவருக்கு என்று பிரித்த புத்திசாலிகள் நாங்கள்தான். உடம்பு என் அண்ணனுக்கு வந்தது. பாய்மரமும் பாயும் சுக்கானும் என் தம்பிக்குப் போயின. நடுவில் பிறந்த எனக்கு இரண்டு வீட்டுக்கும் நடக்கிற வேலை வந்தது. அதை நான் கேட்டு வாங்கவில்லை.

எங்கள் அப்பா ஏரிக்கரையில் இருந்த படகு கிளப்பில் ஸ்டோர் கீப்பர். அவர் ஓய்வு பெற்றபோது கைக்கடிகாரம் தருவதாகச் சொன்னார்கள். கடிகாரம் வேண்டாம் என்று, கொட்டகையில் யாரும் தொடாமல் கிடந்த ஒரு மரப் படகைக் கேட்டு வாங்கிக்கொண்டு வந்துவிட்டார். அம்மா ஒரு வாரம் அவரோடு பேசவில்லை. அண்ணனும் தம்பியும்தான் அதை ஓட்டினார்கள். அண்ணன் பின்னால் உட்கார்ந்து சுக்கானைப் பிடிப்பார், தம்பி முன்னால் உட்கார்ந்து கயிற்றைப் பிடிப்பான். கரையில் வைத்துப் பேச முடியாததையெல்லாம் ஏரி நடுவில் பேசிக்கொள்வார்கள். என்னடா பேசினீங்க என்று கேட்டால் இரண்டு பேரும் ஒரே மாதிரி, "ஒண்ணும் இல்லையே" என்பார்கள்.

அப்பா போன பிறகு வீட்டை விற்றுப் பங்கு போட்டார்கள். வீட்டுக்கு வராத சண்டை படகுக்கு வந்தது. இரண்டு பேருக்கும் அது வேண்டும், இரண்டு பேரும் விட்டுத்தர மாட்டார்கள். பஞ்சாயத்துக்கு வந்த தாய்மாமா மூன்று நாள் பொறுத்துப் பார்த்தார். மூன்றாம் நாள் நெற்றியைப் பிடித்துக்கொண்டு சொன்னார்: "உடம்பு பெரியவனுக்கு. மரம், பாய், சுக்கான் எல்லாம் சின்னவனுக்கு. இப்ப எப்படி ஓட்டுறீங்கன்னு பாக்கறேன்."

செருப்பு மாட்டும்போது என்னிடம் கண்ணடித்தார். "ஒரே மாசம்மா. ரெண்டும் கட்டிப் புடிச்சுக்கிட்டு வரும் பாரு."

மாமா நல்லவர்தான். ஆனால் எங்கள் வீட்டு ஆண்களின் வீம்பு அவருக்குத் தெரியாது. தம்பி அன்றைக்கே வண்டி பிடித்துப் பாய்மரத்தை ஏற்றிக்கொண்டு போனான். அண்ணன் உடம்பைக் கொண்டுபோய்க் கொல்லைப்புறத்தில் கவிழ்த்துப் போட்டார். அதன் பிறகு பத்தொன்பது வருடம் இருவரும் ஒரு வார்த்தை பேசவில்லை. தம்பி மகள் கல்யாணத்துக்கு அண்ணன் போனார். கடைசி வரிசையில் உட்கார்ந்தார், சாப்பிட்டார், கை கழுவினார், வந்துவிட்டார்.

எனக்கு இரண்டு வீட்டிலும் ஒரே சட்டம். "நீ எப்ப வேணா வா. அவன் பேச்சை மட்டும் இங்க எடுக்காத" என்றார் அண்ணன். "அவர் பேச்சுன்னா வாசலோட நில்லுக்கா" என்றான் தம்பி. சரி என்று இருந்துவிட்டேன். ஒருவருக்குக் காய்ச்சல் என்றால் இன்னொருவருக்குத் தெரியாது. மருத்துவமனைத் துணிப் பிரிவில் படுக்கை விரிப்பு தைத்துத் தைத்து முதுகு போனவள் நான். அந்த முதுகோடு இந்தச் சுமையும் சேர்ந்தது.

அண்ணனைப் பற்றிச் சொல்கிறேன். முப்பத்தாறு வருடம் லிஃப்ட் மெக்கானிக். நகரத்தில் பாதிப் பேர் அவர் திருகிய போல்ட்டை நம்பித்தான் மேலே போய் வந்தார்கள். எதையும் மூன்று முறை சோதிக்காமல் விட மாட்டார். வீட்டு மிக்ஸியைப் பழுது பார்த்தால்கூட, தேதி போட்டு, 'சோதிக்கப்பட்டது' என்று எழுதி, கையெழுத்துப் போட்டு ஒரு அட்டையைக் கட்டித் தொங்கவிடுவார். "நாப்பது வருஷம் ஆகப் போகுது, என் கழுத்துல மட்டும்தான் அந்த அட்டை இல்ல" என்பார் அண்ணி.

வேலைக்குப் போகும் காலத்தில் தினமும் ஏரிக்கரை ரோட்டு பஸ்ஸில்தான் போவார். தம்பியின் வீடு அக்கரையில், நாலாவது மாடி, பால்கனி ஏரியைப் பார்த்து இருக்கும். பாய்மரம் மாடிப்படியில் திரும்பவில்லை என்று வெளியே கயிறு கட்டித் தூக்கிப் பால்கனி நீளத்துக்குக் கட்டி வைத்திருந்தான். அதில் துணி காயும். அண்ணன் பஸ்ஸின் எந்தப் பக்கம் உட்கார்ந்தாலும் அந்த இடம் வரும்போது தலை அந்தப் பக்கம் திரும்பிவிடும். இதை நானே பார்த்திருக்கிறேன்.

ஓய்வு பெற்று இரண்டாவது வாரம், நான் போனபோது கொல்லைப்புறத்தில் படகு நிமிர்ந்து கிடந்தது. பத்தொன்பது வருடக் குப்பையும் மூன்று தலைமுறைப் பூனை முடியும் உள்ளே. அண்ணன் ஸ்க்ரூ டிரைவரால் அடிப்பலகையைக் குத்திக் குத்திப் பார்த்துக்கொண்டிருந்தார். சில இடத்தில் அது கேக்கில் இறங்குவதுபோல இறங்கியது.

"என்ன செய்யப் போறீங்க?" என்றேன்.

"ஓட்டப் போறேன்."

"பாய்மரம்?"

"அவன்கிட்ட இருக்கறது மட்டும்தான் பாய்மரமா? ஊரெல்லாம் பழைய சாமான் கெடக்கு. ஒவ்வொண்ணா தேடிப் பிடிச்சு மாட்டி, அவன் பால்கனி முன்னாடி ஓட்டிட்டுப் போறேன். அவன் நின்னு பாக்கணும். எனக்கு அவ்வளவுதான் வேணும்."

பழிவாங்குவதாக அவருக்கு நினைப்பு. தம்பியின் முகத்தைப் பார்க்க இத்தனை பெரிய சுற்று வழியை யாரும் போட்டிருக்க மாட்டார்கள். எனக்குச் சிரிப்பு வந்தது, அழுகையும் வந்தது. ஆனால் ஒரு நம்பிக்கையும் வந்ததைச் சொல்ல வேண்டும். இவர் ஓட்டிக்கொண்டு போய், அவன் மேலிருந்து பார்த்து, யாராவது ஒருவர் வாயைத் திறந்தால் போதும். இரண்டு பேரில் ஒருவர் போய்ச் சேருவதற்குள் அது நடந்துவிட வேண்டும் என்பதுதான் என் ஒரே கவலை. அதற்காகத்தான் அடுத்த இரண்டரை வருட ஞாயிற்றுக்கிழமைகளை அந்தக் கொல்லைப்புறத்தில் தொலைத்தேன்.

முதல் வருடம் உடம்பிலேயே போனது. உளுத்த பலகையை வெட்டி எடுத்து, பிளைவுட் வைத்து, பசை ஊற்றி, தேய்த்து, மறுபடி பசை ஊற்றி, மறுபடி தேய்த்தார். ஓட்டை எங்கே என்று பார்க்க ஏரிக்குப் போகவில்லை. படகை இரண்டு ஸ்டூல் மேல் ஏற்றி வைத்து அதற்குள் தண்ணீரை நிரப்பினார். உள்ளே ஊற்றின தண்ணீர் எங்கே வெளியே வருகிறதோ, அங்கேதான் ஏரித் தண்ணீர் உள்ளே வரும் என்பது அவர் கணக்கு. கீழே படுத்துக்கொண்டு கசிகிற இடத்திலெல்லாம் சாக்பீஸால் வட்டம் போட்டார். முதல் தடவை முப்பத்தியொரு வட்டம்.

"குளிக்கத் தண்ணி இல்ல, படகைக் குளிப்பாட்டுறாரு" என்று அண்ணி சமையலறை ஜன்னலிலிருந்து சொன்னார். அண்ணன் காதில் வாங்கவில்லை. ஆறு மாதம் கழித்து வட்டம் ஒன்றும் இல்லாமல் போன அன்று, அந்தத் தண்ணீரைத் திறந்துவிட மனமில்லாமல் சாயங்காலம் வரைக்கும் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தார்.

இரண்டாவது வருடம் சாமான் தேடும் வருடம். துறைமுகத்துப் பின்தெருவில் பழைய படகுச் சாமான் விற்கிற ஒரு ஆள் உண்டு. எதைக் கேட்டாலும் "நாளைக்கு வாங்க" என்பதால் அவருக்குப் பேரே 'நாளைக்கு'. அவர் கடைக்கு அண்ணன் போன நடையைச் சேர்த்தால் அடுத்த நாட்டுக்கே போய் வந்திருக்கலாம். சுக்கானைத் தொங்கவிடும் கொக்கி இரண்டு வேண்டும், மேலே ஒன்று கீழே ஒன்று. 'நாளைக்கு' ஒரு மாதத்தில் மேல் கொக்கியைக் கொடுத்தார். கீழ்க் கொக்கியை நாலு மாதம் கழித்துக் கொடுத்தார், அது வேறு அளவு. அண்ணன் ராத்தூக்கம் கெட்டு யோசித்து, கடைசியில் லிஃப்ட் கதவுக்குப் போடும் பித்தளைக் குழாய் ஒன்றை இடையில் செருகிச் சரிசெய்தார். அதற்கும் அட்டை கட்டினார். கப்பிகள் ஒரு மீன்பிடிப் படகிலிருந்து வந்தன. கம்பிவடம் ஒரு விளம்பரப் பலகையைத் தாங்கிக்கொண்டிருந்தது. ஒவ்வொன்றிலும் மணல் மூட்டையைத் தொங்கவிட்டு ஒரு நாள் முழுக்க ஆடவிட்டுப் பார்த்த பிறகுதான் உள்ளே சேர்த்தார்.

பாய்மரம் ஒரு அம்மாவின் வீட்டில் இருந்தது. கார் ஷெட்டில் இரண்டு ஆணியில் அலுமினியப் பாய்மரம் படுத்திருந்தது. அவர் கணவருடையது. படகு எப்போதோ போய்விட்டது, கணவர் போய் மூன்று வருடம்.

"மரம் வேணும்னா எல்லாத்தையும் எடுத்துட்டுப் போகணும்" என்றார் அந்த அம்மா. "அவரோட ஷூ, மழைக்கோட்டு, மிதவை ஜாக்கெட்டு, தொப்பி. ஒண்ண எடுத்து ஒண்ண விட்டுட்டுப் போற வேலை என்கிட்ட வேணாம்."

அண்ணன் பாய்மரத்தோடு ஒரு கோணி நிறையப் பழைய ஷூவும் தொப்பியுமாக வந்து இறங்கினார். அண்ணி கோணியைப் பிரித்துப் பார்த்துவிட்டு, "நல்ல வேளை, அந்தம்மாவையும் கூட்டிட்டுப் போங்கன்னு சொல்லல" என்றார்.

பாய் கிடைத்தது ஒரு பயிற்சிப் பள்ளியில். படகு வகுப்பை மூடிவிட்டு, பாய்களை மேஜைகளுக்குப் போர்த்தி வைத்திருந்தார்கள். வீட்டுக்கு வந்து மாட்டிப் பார்த்தால் ஏறவில்லை. பாயின் முன் ஓரத்தில் தைத்திருக்கும் கயிறு, பாய்மரத்தில் உள்ள பள்ளத்துக்குள் வழுக்கி மேலே ஏற வேண்டும். கயிறு தடிமன், பள்ளம் குறுகல். சோப்புத் தேய்த்தார், மெழுகு தேய்த்தார், கடைசியில் என்னைப் பார்த்தார். பதினெட்டு அடித் தையலைப் பிரித்து, மெல்லிய கயிறு வைத்து மறுபடி தைத்தேன். மெஷினில் அந்தத் துணி ஓடவில்லை, கையால்தான். உள்ளங்கையில் தோல் பட்டை கட்டிக்கொண்டு ஊசியைத் தள்ளித் தள்ளி ஐந்து ஞாயிற்றுக்கிழமை. திங்கட்கிழமை வேலைக்குப் போனால் கத்தரிக்கோல் பிடிக்க விரல் மடங்காது. எதற்கு இந்தப் பாடு என்று எனக்கே கோபம் வரும். எவனோ ஒருவன் நாலாவது மாடியிலிருந்து எட்டிப் பார்ப்பதற்கு!

இதற்கிடையில் அந்த நாலாவது மாடியில் வேறு கதை நடந்துகொண்டிருந்தது. தம்பி அச்சகத்தில் வேலை பார்த்தவன். ஐம்பத்து மூன்று வயதில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தான். மருத்துவமனையில் ரத்தக்குழாயில் ஸ்டென்ட் வைத்து அனுப்பினார்கள், மாடி ஏறக்கூடாது என்றார்கள். அவன் கட்டிடத்தில் லிஃப்ட் நின்று ஒரு வருடத்துக்கு மேல் ஆகியிருந்தது. இந்த வீட்டுக்காரர் அந்த வீட்டுக்காரரைக் கை காட்டுவார், எல்லோரும் சேர்ந்து குடியிருப்போர் சங்கத்தைக் கை காட்டுவார்கள். வேலைக்குப் போய்த் திரும்பும்போது ஒவ்வொரு மாடியிலும் ஒரு நாற்காலி போட்டு உட்கார்ந்து உட்கார்ந்து ஏறினான்.

"அண்ணன்கிட்ட ஒரு வார்த்தை சொல்லட்டுமாடா? வந்து என்னன்னு பாப்பாரு" என்றேன்.

"அவர் கை வச்ச லிஃப்ட்ல ஏறி நான் மேல வரணுமா? வேண்டாம்க்கா. படியிலயே விழுந்து சாகறேன்."

அறைய வேண்டும் போல இருந்தது. நெஞ்சு வலிக்காரனை எங்கே அறைவது?

சரி, அந்தப் பக்கமாவது பேசிப் பார்ப்போம் என்று போனேன். அன்றைக்கு அண்ணன் பாய்மரத்தை வெட்டியிருந்தார். நம் படகுக்கு அது ஒன்றரை முழம் அதிக நீளம். ஏழு தடவை அளந்து, அடிப்பக்கம் அறுத்துவிட்டார். மரம் உட்காரும் இரும்புக் கிண்ணத்தின் ஆழத்தைக் கணக்கில் சேர்க்கவில்லை. நிறுத்திப் பார்த்தால் நாலு விரல் குறைச்சல். அறுத்த துண்டை மடியில் வைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்திருந்தார்.

"முப்பத்தாறு வருஷத்துல ஒரு கம்பியக்கூட நான் கட்டையா வெட்டினது இல்லம்மா" என்றார். துண்டைத் திருப்பிப் பார்த்துவிட்டு, "அந்த முனையை அவன் பிடிச்சிருந்தா அளவு தப்பியிருக்காது" என்றார்.

இருபத்தியொரு வருடத்தில் அவரே அவன் பேச்சை எடுத்தது அன்றுதான். இதுதான் சமயம் என்று நினைத்தேன்.

"அண்ணா, அவன் வீட்டுல..."

கை உயர்ந்தது. போலீஸ்காரர் வண்டியை நிறுத்துவது போல. "வேண்டாம். பேசாத."

நானும் பேசாமல் கைப்பையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டேன். அதை இன்றைக்கும் நினைத்துக்கொள்கிறேன். அந்தக் கையைத் தட்டிவிட்டுச் சொல்லியிருக்க வேண்டும். நான் சொல்லவில்லை. அலுத்துப் போயிருந்தேன், அதுதான் உண்மை.

மூன்று வாரத்தில் தம்பி வீட்டைக் காலி செய்தான். எட்டு மணி நேரப் பயணத் தூரத்தில் மகளுக்குத் தரைத்தள வீடு, அங்கே போய்விட்டார்கள். பாய்மரத்தை லாரியில் ஏற்ற முடியாது என்றார் லாரிக்காரர். குடிவந்தவர், இருக்கட்டும், துணி காயப்போட வசதியாக இருக்கிறது என்று சொல்லிவிட்டார். அது அங்கேயே இருந்தது. அதனால் அண்ணனுக்குத் தம்பியும் அங்கேயே இருந்தான். அண்ணிக்கும் எனக்கும் விஷயம் தெரியும். "சொல்லிடலாமா?" என்று அண்ணி கேட்பார். "நீங்க சொல்லுங்க" என்பேன். "உன் அண்ணன், நீ சொல்லு" என்பார். லிஃப்டுக்கு ஒருவரையொருவர் கை காட்டியவர்களை நாங்கள் என்ன குறை சொல்வது?

அண்ணன் கட்டையான மரத்துக்கு அடியில் நாலு விரல் உயரத்துக்குத் தேக்குக் கட்டை வைத்துச் சரிக்கட்டினார். ஆறு மாதம் கழித்து, வர்ணம் அடித்து, எல்லாக் கொக்கிக்கும் அட்டை கட்டிவிட்டு, வருகிற ஞாயிற்றுக்கிழமை என்று நாள் குறித்தார். முன்னால் உட்கார ஆள் வேண்டும், நீ வா என்றார்.

சனிக்கிழமை மத்தியானம் துணிப் பிரிவு வராந்தாவில் நின்று தம்பிக்குப் போன் போட்டேன். வாசலோட நில்லு என்று சொன்னவனுக்கு, வாசல் எட்டு மணி நேரம் தள்ளிப் போன பிறகுதான் என் வாய் திறந்தது. எல்லாவற்றையும் சொன்னேன். 'நாளைக்கு' கடையிலிருந்து நாளைய பயணம் வரைக்கும்.

"நாளைக்குக் காலைல உன் பால்கனி முன்னாடி வராரு. நீ நின்னு பாக்கணுமாம்."

"நான் அங்க இல்லையேக்கா" என்றான். அவ்வளவுதான் சொன்னான்.

ஞாயிற்றுக்கிழமை காலை எட்டரைக்குப் படகு தண்ணீரில் இறங்கியது. அண்ணன் அரை மணி நேரம் அடிப்பலகையையே பார்த்தார். ஒரு சொட்டு இல்லை. பாயை ஏற்றினோம், நான் மாற்றித் தைத்த கயிறு சொன்ன பேச்சு கேட்டு மேலே போனது. காற்று பிடித்ததும் படகு சட்டென்று சாய்ந்தது. நான் கத்தினேன். "பயப்படாத, அது அப்படித்தான் கெளம்பும்" என்றார். இரண்டரை வருடத்தில் அவர் முகம் அப்படி இருந்து நான் பார்த்ததில்லை. அறுபத்து மூன்று வயது ஆள் ஏதோ பள்ளிக்கூடத்துக்கு மட்டம் போட்டவர் மாதிரி உட்கார்ந்திருந்தார்.

அக்கரை வர வர, நாலு மாடிக் கட்டிடம் பெரிதாகிக்கொண்டே வந்தது. பால்கனியில் பாய்மரம், அதில் துணி. யாரோ ஒரு ஆள் நின்று துணியை எடுத்துக்கொண்டிருந்தார். ஒல்லியான, வயது குறைந்த ஆள். எனக்கு நன்றாகத் தெரிந்தது. அண்ணன் மூக்குக்கண்ணாடி தண்ணீரில் விழுந்துவிடும் என்று சட்டைப் பையில் வைத்திருந்தார்.

அவருக்கு ஒரு ஆள் நிற்பது மட்டும் தெரிந்திருக்கும். சுக்கானைப் பிடித்தபடியே, நேராகப் பார்த்துக்கொண்டு, முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு தாண்டிப் போவதாகத்தான் திட்டம். என்னிடம் பல தடவை சொல்லியிருக்கிறார், திரும்பிக்கூடப் பார்க்க மாட்டேன் என்று. கட்டிடத்துக்கு நேராக வந்ததும் அவர் இடது கை தானாக மேலே போனது. ஆட்டினார்.

மாடியில் இருந்த ஆள் ஒரு நொடி பார்த்துவிட்டு, மரியாதைக்குத் தானும் கையை ஆட்டினார்.

"பாத்தியா?" என்றார் அண்ணன். குரல் உடைந்துவிட்டது. "கை ஆட்டறான். அவன்தானே?"

"ம்" என்றேன். வேறு என்ன சொல்வது, ஏரி நடுவில்?

திரும்பும் வழியெல்லாம் அவர் அழுதார், துடைத்துக்கொள்ளவும் இல்லை. இக்கரையில் படகை இழுத்துக் கட்டியதும், பாயைக்கூட இறக்காமல் என்னிடம் கையை நீட்டினார். "அவனுக்குப் போன் போடு."

"அப்புறமா..."

"போடு."

போட்டேன். ஸ்பீக்கரில் வைத்து அவர் கையில் கொடுத்தேன். மணி இரண்டு தடவை அடிப்பதற்குள் எடுத்துவிட்டான்.

"என்னடா, பாத்தியா?" என்றார் அண்ணன். இருபத்தியொரு வருடம் கழித்து முதல் பேச்சு இது.

உண்மையைச் சொல்லிவிடு என்று மனதுக்குள் கெஞ்சினேன்.

"பாத்தேண்ணா" என்றான் தம்பி.

"எப்படி இருந்துச்சு?"

"நல்லா இருந்துச்சு. பாய்தான் முன் ஓரத்துல சுருங்குது. நல்லா இழுத்துக் கட்டணும்."

அண்ணன் திரும்பிப் பாயைப் பார்த்தார். நிஜமாகவே சுருங்கித்தான் இருந்தது. "அது பள்ளிக்கூடத்துப் பாய்டா. நம்ம அளவு இல்ல. எவ்வளவு இழுத்தாலும் வரமாட்டேங்குது."

"அடிக்கயித்த இழுங்க. மேல் கயித்தையே இழுத்தா எப்படி வரும்?"

"எனக்குச் சொல்லித் தரியா நீ?" என்று அதட்டினார். முகமெல்லாம் சிரிப்பு. "இரு, நீ அங்கயே இரு. பாயை இறக்கிட்டு மேல வரேன். கால் மணி நேரம்."

நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

"வேணாம்ண்ணா" என்றான் தம்பி. "நான் அங்க இல்ல. மக வீட்டுல இருக்கேன். ஆறு மாசம் ஆச்சு."

அண்ணன் அக்கரையைப் பார்த்தார். சட்டைப் பையிலிருந்து கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு மறுபடி பார்த்தார். "அப்ப பாய் சுருங்குதுன்னு எப்படிடா சொன்ன?"

"நீங்க கட்டின பாய் என்னைக்குண்ணா சுருங்காம இருந்திருக்கு?"

அண்ணன் 'ஹா' என்று ஒரு சத்தம் போட்டார். அது சிரிப்பா என்னவென்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை. பிறகு கேட்டார், "ஏன்டா வீட்ட விட்ட? ஏரி தெரியற வீடாச்சே?"

"நெஞ்சு சரியில்லண்ணா. மாடி ஏறக் கூடாதுன்னுட்டாங்க."

"லிஃப்ட் இருக்கே?"

"அது ஓடி ரெண்டு வருஷம் ஆகுது. பட்டனை அமுக்கினா கதவு மூடும், மூடிட்டுத் திறக்கும். நகராது."

அண்ணன் ஈர மண்ணில் அப்படியே உட்கார்ந்தார். கை மட்டும் போனை விடவில்லை.

"கதவு மூடித் திறந்தா அது பூட்டு சுவிட்சுடா" என்றார். "அரை நாள் வேலை." மறுபடி, "அரை நாள் வேலைடா அது."

அண்ணன் என்னை நிமிர்ந்து பார்த்தார். "உனக்குத் தெரியுமா?"

"தெரியும்."

"ஏன் சொல்லல?"

இத்தனை வருடமாக உள்ளே கிடந்தது அத்தனையும் வெளியே வந்தது. "அவன் பேச்சை எடுக்காதன்னு சொன்னது யாரு? மரத்தை வெட்டின அன்னைக்குச் சொல்ல வாயெடுத்தேன், கையைக் காட்டி நிறுத்தினது யாரு? அவனும் அதே மாதிரிதான். ரெண்டு பேருக்கும் நடுவுல நடந்து நடந்து என் காலு போச்சு, அண்ணா. நான் என்ன செய்யணும்? சொன்னாலும் தப்பு, சொல்லலைன்னாலும் தப்பு."

அவர் போனை என்னிடம் நீட்டினார். "நீ பேசு. நான் வரேன்னு அவன்கிட்ட சொல்லு."

நான் வாங்கவில்லை. ஸ்பீக்கரை நிறுத்தி, அந்தக் கையை அப்படியே பிடித்து அவர் காதருகில் கொண்டுபோய் வைத்தேன்.

"நீங்களே சொல்லுங்க. இனிமே நடுவுல நான் இல்ல."

கைப்பையை எடுத்துக்கொண்டு ரோட்டுப் பக்கம் நடந்தேன். போன் என்னுடையது என்பது பஸ் நிறுத்தம் வந்த பிறகுதான் உறைத்தது. திரும்பிப் போகவில்லை, சிமெண்ட் பெஞ்சில் உட்கார்ந்துகொண்டேன். அங்கிருந்து பார்த்தால் பாய் இன்னும் இறக்காமல் படபடத்துக்கொண்டிருந்தது, அண்ணன் மண்ணிலேயே உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தார். அவர் எப்போதும் போனில் கத்தித்தான் பேசுவார். "காலைல முதல் பஸ் எத்தனை மணிக்குடா?" என்று அவர் கேட்டது ரோடு வரைக்கும் கேட்டது.